ஜன்னல் வெளிச்சத்தில் அண்ணன் முகம்

அன்று பிற்பகல் எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் அண்ணி, அண்ணியின் மகள், அண்ணியின் தம்பி, பெண் கேட்டு வந்த போட்டோ பிரிண்ட் கடைக்காரப் பையன், அவனுடைய அப்பா. வேறு யாரும் இல்லை.

அண்ணன் போன பிறகு இந்த வீட்டின் நல்லது கெட்டதற்கு நான்தான் பொறுப்பு. பெண்ணைக் கொடுப்பதா இல்லையா என்பதை அன்று நான் சொல்லியாக வேண்டும். பெண்ணுக்குப் பையனைப் பிடித்திருந்தது. எனக்கும் அவன்மேல் குறையில்லை. அவன் அப்பாவைத்தான் சகிக்க முடியவில்லை. நான் வாயே திறக்காதபோது "சம்பந்தி, சம்பந்தி" என்று தோளில் கை போட்டார். தேநீரில் தோய்த்த பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. அதை விரலால் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அந்த விரலை எங்கள் சோபாவிலேயே துடைத்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பையன் எங்களுக்காக ஒரு படம் கொண்டுவந்திருந்தான். அண்ணியிடம் இருந்த உள்ளங்கை அளவு கறுப்பு வெள்ளைப் போட்டோவை ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, பிரிண்ட் எடுத்துச் சட்டம் போட்டிருந்தான். அண்ணன் தன் டிரைவிங் ஸ்கூல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் படம். வெயிலுக்காகத் திரையை இழுத்துவிட்டு மஞ்சள் பல்பு போட்டிருந்தோம். அந்த வெளிச்சத்தில் பிரித்தபோது குறை சொல்ல ஒன்றுமில்லை. கறுப்பு கறுப்பாக இருந்தது, வெள்ளை வெள்ளையாக இருந்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். "என் பையன் கைவேலையை இருட்டுல வச்சுப் பார்த்தா எப்படி சம்பந்தி?" என்று அவன் அப்பா எழுந்தார். படத்தை ஜன்னலருகே கொண்டுபோய்த் திரையை விலக்கினார்.

வெயில் விழுந்ததும் அண்ணன் முகம் பச்சையாகிவிட்டது. இலைப் பச்சை அல்ல. தேங்கிய தண்ணீரில் படியும் பாசியின் நிறம். கன்னத்திலும் கழுத்திலும் அது படர்ந்திருந்தது.

அண்ணியின் தம்பியை நாங்கள் ஸ்பீக்கர் என்போம். மனதில் பட்டதை ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிடுவார். "என்ன இது, அத்தானுக்குக் காமாலை இன்னும் இறங்கலையா?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் கல்லீரல் கெட்டு, முகமெல்லாம் மஞ்சளாகித்தான் போனார். அதைப் பார்த்துவிட்டுக் குடித்தே செத்தான் என்று பேசியவர்கள் உண்டு. என் அண்ணன் ஒரு சொட்டு தொட்டதில்லை. வண்டி ஓட்டக் கற்க வருபவனின் வாயை மோந்து பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்.

பையனின் அப்பா அந்த நேரத்தில் செய்ததை இன்று நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது. கெட்டுப்போன சரக்கை நல்ல விலைக்குத் தள்ளுகிறவரைப் போலச் சிரித்தார்.

"படம் பொய் சொல்லுமா? இருந்தபடிதானே வரும். அவருக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டுன்னு நாங்களும் கேள்விப்பட்டோம். அதையெல்லாம் பெருசா எடுத்துக்கல சம்பந்தி. நல்ல மனசோடதான் பொண்ணு கேட்டு வந்திருக்கோம்."

தன் பையனின் பிழையை மறைக்க, செத்தவன் மேல் சேற்றை வாரிப் பூசி, அதைப் பெருந்தன்மை என்று எங்களிடமே நீட்டினார். வெளியே போங்கள் என்று சொல்ல நான் எழுந்துவிட்டேன். அதற்குள் அண்ணன் மகள் படத்தின் அருகே போய், பையனின் அப்பாவிடம் கேட்டாள்.

"மாமா, அப்பா உட்கார்ந்திருக்கிற நாற்காலியும் பச்சையாத்தானே இருக்கு? அதுவும் குடிச்சுதா?"

ஸ்பீக்கர் வெடித்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பையனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பையன் என்னிடம் வந்தான். "தப்பு என்னோடது மாமா. கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பிரிண்டர்ல தனி செட்டிங் இருக்கு. அதுல கறுப்பு மையும் சாம்பல் மையும்தான் முக்கியமா இறங்கும். நான் கலர் படத்தோட செட்டிங்லயே அனுப்பிட்டேன். அப்படி அனுப்பினா நீலம், மஞ்சள்னு எல்லா மையையும் கலந்துதான் சாம்பல் நிறத்தைச் செய்யும்."

"கறுப்பு வெள்ளைக்கு மஞ்சள் மை எதுக்குத் தம்பி?" என்று கேட்டேன்.

"வேண்டியதே இல்ல. அது போதாதுன்னு கம்ப்யூட்டர் ஒரு தடவை கலரைத் திருத்திச்சு. பிரிண்டரும் தன் பங்குக்குத் திருத்திச்சு. ரெண்டுல ஒண்ணை நான் அணைச்சிருக்கணும்."

"ஒரே பானையில மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு கை உப்பு போட்ட கதை" என்றார் ஸ்பீக்கர்.

"அதேதான். கடையிலயும் மஞ்சள் விளக்கு, அதுல பச்சை தெரியல. வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்துல பார்த்திருக்கணும். பார்க்கல."

அவன் அப்பா பல்லைக் கடித்தார். "வாயை மூடுடா. வேலை தெரியலன்னு நாமளே சொல்லிக்கிட்டா நாளைக்கு எவன் கடைக்கு வருவான்?"

"அவர் குடிச்சார்னு பேசறதுக்கு, எனக்கு வேலை தெரியலன்னு பேசட்டும்ப்பா."

அண்ணி நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பொருள் எனக்குத் தெரியும்.

நான் அவன் அப்பாவிடம் சொன்னேன். "பொண்ணைக் கொடுக்கறோம். உங்க பையனை நம்பிக் கொடுக்கறோம். உங்களை நம்பி இல்ல."

வேறொருவராக இருந்தால் முகம் சுருங்கியிருக்கும். "அதுக்கென்ன சம்பந்தி, எல்லாம் ஒண்ணுதானே" என்றவர், தட்டில் மிச்சமிருந்த பிஸ்கட்டுகளை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் பையன் புதுப் படத்தோடு தனியாக வந்தான். நான் சொல்லும் முன்பே ஜன்னல் திரையை விலக்கி, வெயிலில் காட்டினான். கலர் மை இல்லாமல் அடித்ததால் கன்னத்தில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஆனால் பச்சை இல்லை, மஞ்சளும் இல்லை. அண்ணியே ஆணி அடித்து மாட்டினார்.

நான் பழைய படத்தைக் காலால் மிதித்து உடைத்தேன் என்றும், அதனால் கல்யாணம் நின்றுபோயிற்று என்றும் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. நான் எதையும் மிதிக்கவில்லை. அந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துக் கிழித்தவன் பையன். கல்யாணம் நடந்து முடிந்துவிட்டது.