நானூற்று மூன்று

அக்காவின் தாடையை உடைத்தது அத்தான்தான். அவளைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில்தான் தங்கைக்கு வேலை. நோயாளியின் பெயரை அடித்தால் வார்டு எண்ணைக் காட்டும் இணையப் பக்கத்தை பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியவளும் அவளே.

அக்காவின் விவரம் மட்டும் வெளியே போகக் கூடாது. வெளியாள் கேட்டால் நிரல் அங்கேயே நின்று ஒரு பிழை எண்ணை எறியும்படி செய்தாள். எறிந்தது 403, அனுமதி மறுப்புக்கான எண். திரையில், "இந்த விவரத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வரும். சோதித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனாள்.

அத்தான் ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் பக்கத்திலும் பெண்டாட்டியின் பெயரை அடித்துக்கொண்டிருந்தான். மற்றதெல்லாம் "அப்படி யாரும் இல்லை" என்றன. இது மட்டும் அனுமதி இல்லை என்றது.

மதியம் வார்டு வார்டாகத் தேடி, அக்காவின் வார்டு வாசலில் ஸ்பானரோடு வந்து நின்றான். தங்கை ஓடிப்போய் மறித்தாள்.

"அத்தான், அவ இங்க இல்ல."

"இல்லாதவளுக்கு எதுக்குடி அனுமதி?"

முதல் அடி அவள் வலது கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. சத்தம் கேட்டு வந்த நர்ஸைச் சுவரில் மோதும்படி தள்ளிவிட்டு உள்ளே போனான். அக்காவின் முடியைப் பிடித்துக் கட்டிலிலிருந்து இழுத்தான். டிரிப்ஸ் ஊசி பிய்ந்து தரையெல்லாம் ரத்தம். கம்பி போட்டுக் கட்டிய வாயோடு அவளால் கத்தக்கூட முடியவில்லை.

தங்கை இடது கையால் டிரிப்ஸ் கம்பத்தைத் தூக்கி அவன் முழங்காலில் வீசினாள். விழுந்தான். அதே காலில் மறுபடி அடித்தாள். மறுபடியும்.

"போதும்மா, செத்துத் தொலைஞ்சிடப் போறான்!" நெற்றியில் ரத்தம் வழிய நர்ஸ் அவளை இறுக்கிப் பிடித்தாள்.

அவன் சாகவில்லை. மாடியில் கட்டுப் போட்டு, கட்டிலோடு விலங்கு மாட்டினார்கள்.

மாவுக்கட்டுக் கையோடு தங்கை ஒற்றைக் கையால் 403-ஐ அழித்து 404 என்று அடித்தாள். அப்படி யாரும் இல்லை. பின்னால் நின்ற மேலதிகாரி இழுத்தார்: "பதிவு இருக்கேம்மா. இல்லன்னு சொன்னா பொய்யாகாதா?"

"இருக்குன்னு சொன்னதாலதான் சார் வந்தான்."

வார்டுக்குத் திரும்பியபோது அக்கா விழித்திருந்தாள். பல்லைத் திறக்காமலே கேட்டாள்.

"அவருக்குக் கால் போச்சாமே?"

"ஆமா."

"ரெண்டுமா?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணுதானா" என்று முனகிவிட்டு அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.