ஓடெசா பிக்கெட்டுக்கு மூன்று நாற்காலிகள்

பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிவிட்டு ஓடெசா பிக்கெட் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு ஹாலுக்குள் நுழைந்தபோது, அவளுக்காக மூன்று நாற்காலிகள் காத்திருந்தன. மூன்றும் முன்வரிசை. மூன்றிலும் அவள் பெயர் எழுதிய தாள். ஆளுநர் ரெடிக் கோஷ்டி மேற்கு மூலையில் ஒன்று போட்டிருந்தது, டொனோவன் கோஷ்டி ஜன்னலோரம் ஒன்று, செனட்டர் ஓக்லி கோஷ்டி கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒன்று. மனுஷிக்கு இருப்பது ஒரே ஒரு பின்புறம். அதற்கு இத்தனை மரியாதையா என்று நினைத்துக்கொண்டு கையுறையைக் கழற்றினாள்.

காரணம் அவளுக்குத் தெரியாததல்ல. ஹோல்ம்ஸ்டட் ஊரில் கட்சிக்காரர்கள் எத்தனையோ பேர் உண்டு. கறுப்பர் அவள் ஒருத்திதான். மற்றவர்களெல்லாம் நார்வேக்காரர், ஜெர்மன்காரர் பேரப்பிள்ளைகள். ஜனவரி மாதத்தில் தொப்பியில்லாமல் வெளியே நிறுத்தினால் பனி எது, ஆள் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஜனாதிபதி வேட்பாளராகத் துடிக்கிறவர்களோ நாலு வருஷத்துக்கு ஒருமுறை முதலில் வந்து விழுவது இந்த அயோவா மாநிலத்தில். மேடையில் தங்களுக்குப் பின்னால், கேமராவில் விழும்படி, ஒரு கறுப்பு முகம் இருந்தே ஆகவேண்டும் அவர்களுக்கு. சரக்கு ஒன்று, கிராக்கி பத்து. இதுவரை பதினொரு பேருக்குப் பின்னால் நின்று கைதட்டியிருக்கிறாள் ஓடெசா. அதில் ஒருவர்கூட ஜனாதிபதி ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு தடவை ஒருவர் அவள் படத்தைக் கேட்காமலேயே துண்டறிக்கையில் போட்டு, அடியில் 'நகரத்து ஏழைகளின் கண்ணீர்' என்று அச்சடித்துவிட்டார். ஓடெசாவுக்கு இரண்டு ஏக்கர் நிலமும் கடனில்லாத வீடும் உண்டு. நகரம் தொண்ணூறு மைல் தள்ளி. அதைவிடக் கொடுமை, ஹோல்ம்ஸ்டட்டின் தபால்காரியே அவள்தான். தன்னுடைய கண்ணீரைத் தானே தோளில் சுமந்து அறுநூற்றுப் பன்னிரண்டு வீட்டுப் பெட்டிகளில் போட்டாள்.

படத்துக்குக் கூப்பிட்டவர்கள் பட்டியலுக்குக் கூப்பிடவில்லை. மாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அங்கிருந்துதான் மாநில மாநாடு, அதற்கப்புறம்தான் வேட்பாளரை அறிவிக்கும் தேசிய மாநாடு. ஒவ்வொரு தடவையும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் "அடுத்த முறை, ஓடெசா" என்று தோளைத் தட்டினார்கள். வாட்டர்லூவில் இருக்கும் தங்கை எர்லீன் நேற்றுக்கூட போனில் சிரித்தாள்: "நீ அவங்களுக்கு வால்பேப்பர்டி அக்கா. பின்னாடி சுவத்துல ஒட்டுவாங்க, படம் எடுப்பாங்க, கிழிச்சுட்டுப் போயிடுவாங்க."

இந்தத் தடவை ஓடெசா முடிவோடு வந்திருந்தாள். மூன்று நாற்காலிகளையும் தாண்டி, துடைப்பமும் வாளியும் வைத்திருந்த நாலாவது மூலைக்குப் போனாள். அங்கே 'யாருக்கும் இல்லை' என்று ஓர் அட்டை தொங்கியது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் இந்தக் கூட்டத்துக்கு அயோவா வழக்கப்படி ஓட்டுச்சீட்டு கிடையாது. யாருக்கு ஆதரவோ அவருடைய மூலையில் போய் நிற்க வேண்டும், தலையை எண்ணுவார்கள். நூற்றுக்குப் பதினைந்து தேறாத மூலை கலைந்து வேறு மூலைக்குப் போக வேண்டியதுதான்.

கூட்டத் தலைவி டெலோரஸ் ஹாகன் மேஜைமேல் கரண்டியால் தட்டினாள். "மொத்தம் தொண்ணூத்தி நாலு பேர். ஒரு மூலைக்குப் பதினஞ்சு பேராவது வேணும். ரெடிக் நாப்பத்தெட்டு. டொனோவன் முப்பத்தொண்ணு. ஓக்லி..." எண்ணினாள், மறுபடி எண்ணினாள். "பதினாலு. யாருக்கும் இல்லை, ஒண்ணு. ஏன் ஓடெசா, வாளியில உக்காந்திருக்கே?"

"இதுலதான் என் பேர் எழுதல, டெலோரஸ்."

"சரி, அரை மணி நேரம். பேசித் தீத்துக்கோங்க."

ஓக்லி மூலையில் ஒரே கலவரம். அதன் தலைவர் பல் டாக்டர் கெர்மிட் டால்கிரென் கையிலிருந்த தாளை வெறித்துப் பார்த்தார். அதில் முதல் நாளே கொட்டை எழுத்தில் பதினைந்து என்று எழுதியிருந்தார். பக்கத்தில் நின்றவள் பெய்ஜ். வாஷிங்டனிலிருந்து ஓக்லியின் பிரசாரத்துக்காக வந்தவள். கழுத்தில் கேமரா, காலில் இந்தப் பனிக்கு உதவாத செருப்பு. இரண்டு பேரும் வாளியை நோக்கி ஓடிவந்தார்கள்.

"மேடம், உங்க இடம் அங்க இருக்கு," என்றாள் பெய்ஜ்.

"எந்த இடம்?"

"ஓக்லி மூலை. நாங்க உங்களையும் சேத்துத்தான் எண்ணினோம்."

"யாரைக் கேட்டு எண்ணினீங்க?"

பெய்ஜ் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கூரையைப் பார்த்தார். "அது வந்து... செனட்டர் ஓக்லி... நீங்களும்... அதாவது ரெண்டு பேருமே..."

"சொல்லுங்க டாக்டரே. ரெண்டு பேருமே?"

"ரெண்டு பேருமே சர்ச்சுக்குப் போறவங்க," என்று முடித்தார் டாக்டர். காது இரண்டும் பீட்ரூட் ஆகிவிட்டது.

வெள்ளைக்காரர் பதினாலு பேர் ஒரு கறுப்பு வேட்பாளருக்காக உருகி நிற்கிறார்கள். ஊரில் இருக்கும் ஒரே கறுப்புக்காரியிடம் மட்டும் கேட்க மறந்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், ஓடெசாவுக்கும் ஓக்லியைத்தான் பிடிக்கும். மூன்று மாதமாகவே பிடிக்கும். ஆனால் பிடித்த சேலையை முதலில் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் விலை கேட்கிற ரகம் அல்ல அவள்.

"எனக்கு இன்னும் மனசு முடிவாகல," என்றாள்.

அதற்குள் ரெடிக் கோஷ்டியிலிருந்து ஓர் அம்மாள் தட்டோடு வந்தாள். வேர்க்கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் போட்டு வெட்டிய ஸ்காட்சரூ துண்டுகள். "மாற்றுப் பிரதிநிதி தர்றோம், ஓடெசா. யாராவது சாகக் கிடந்தா நீங்கதான் போவீங்க."

"உங்க ஆளுங்க எல்லாம் நல்ல ஆரோக்கியமா இருக்காங்களே."

டொனோவன் கோஷ்டி வந்து, வேட்பாளரோடு உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடலாம் என்றது. "போன வாரம் சாப்பிட்டாச்சு. என் தட்டுலேர்ந்து ஒரு துண்டு பன்றிக்கறியை எடுத்துக்கிட்டாரு," என்று அனுப்பிவிட்டாள்.

பிறகு டாக்டரிடம் திரும்பினாள். "பதினஞ்சு தேறினா உங்க மூலைக்கு ஒரு பிரதிநிதி கிடைக்கும், இல்லையா? அது நானு."

டாக்டரின் முகம் பல் பிடுங்கப்பட்டவன் முகம் போல் ஆனது. "அது... ஏற்கனவே என் பேர்ல பேசியாச்சு. என் வீட்டுக்காரி லொரெய்ன் கேக்கே செஞ்சுட்டா. மேல 'பிரதிநிதி கெர்மிட்'னு எழுதியிருக்கு."

"பதினாலு பேர் இருந்தா கேக்கை வெட்டலாம், டாக்டரே. மாநாட்டுக்குப் போக முடியாது."

"அடுத்த முறை கண்டிப்பா..."

ஓடெசா வாளியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். பெய்ஜ் டாக்டரின் முழங்கையைக் கிள்ளினாள். பத்து நிமிஷம் போனது. டாக்டர் மனைவிக்குப் போன் செய்தார், கேக்மேல் இருக்கும் எழுத்தைச் சுரண்ட முடியுமா என்று கேட்டார். முடியும் போலிருக்கிறது. திரும்பி வந்து, "சரி," என்றார்.

"வாயில சொன்ன சரியெல்லாம் ஆறு தடவை வாங்கியிருக்கேன். பிரதிநிதிப் படிவத்துல என் பேரைப் போட்டு உங்க பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதைக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் எழுந்திருப்பேன்."

படிவம் போனது, வந்தது. ஓடெசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினாள். பதின்மூன்று கையெழுத்து.

"ஒண்ணு குறையுதே?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரெடிக் மூலையில், வாயோரம் சாக்லேட் ஒழுக, வெர்லின் டீடி நின்றிருந்தான். ஆயிரத்து இருநூறு பன்றிகளுக்குச் சொந்தக்காரன். டாக்டர் கேக்குக்காகத் துக்கம் கொண்டாடிய அந்தப் பத்து நிமிஷத்தில் அவனை ஸ்காட்சரூ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"யோவ் வெர்லின், வாய்யா இங்க!" என்று கத்தினார் டாக்டர்.

"இங்க தின்ன ஏதோ கொடுக்கறாங்க. உங்க மூலையில பேச்சுதான் இருக்கு," என்று கத்தினான் வெர்லின்.

இப்போது ஓடெசா போய்ச் சேர்ந்தாலும் பதினாலுதான். டெலோரஸ் கடிகாரத்தைப் பார்த்துக் கரண்டியைக் கையில் எடுத்தாள். ஆறு தேர்தலாக, இருபத்து நாலு வருஷமாக இழுத்த பேரம் ஒரு மிட்டாய்த் துண்டில் வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஓடெசா வாளியிலிருந்து எழுந்தாள். அவசரமே இல்லாமல் ஹாலைக் கடந்து, வெர்லின் காதருகே குனிந்தாள்.

முப்பத்தோரு வருஷம் தபால் கொடுத்தவளுக்கு ஊரின் உறைகளெல்லாம் தெரியும். வெர்லினுக்கு மாதாமாதம் ஒரு பத்திரிகை பழுப்பு உறைக்குள் ஒளிந்து வரும். ஊர் நினைப்பது போல் அதில் துணியில்லாத பெண்கள் இருந்தால்கூட மன்னித்திருப்பார்கள். அது சைவச் சமையல் பத்திரிகை. பன்றிப் பண்ணையாளர் சங்கத்தின் பொருளாளர் அவன்.

ஓடெசா இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. சும்மா விசாரித்தாள்: "வெர்லின், இந்த மாசத்து பருப்பு சூப் நல்லா வந்துச்சா?"

வெர்லின் மென்றுகொண்டிருந்ததை முழுசாக விழுங்கினான். பிறகு பாதித் துண்டைக் கையில் பிடித்தபடி, தன் இஷ்டத்துக்குத்தான் நடப்பவன் போல ஓக்லி மூலைக்குப் போய்க் கையெழுத்தும் போட்டான். தாளில் சாக்லேட் கறை பட்டது. ஓடெசா அதை ஊதிக் காயவைத்து எடுத்துக்கொண்டு கொடிக்கம்பத்துப் பக்கம் போனாள்.

"ஓக்லி பதினஞ்சு!" என்று கரண்டி தட்டியது. "ரெடிக்குக்கு மூணு பிரதிநிதி, டொனோவனுக்கு ரெண்டு, ஓக்லிக்கு ஒண்ணு. ஓக்லி பிரதிநிதி பேரு?"

ஓடெசா தாளை நீட்டினாள்.

பெய்ஜ் கேமராவைத் தூக்கினாள். "மேடம், இது ரொம்ப முக்கியமான படம். நீங்க அந்தப் பக்கம், டாக்டருக்குக் கொஞ்சம் பின்னால..."

"இல்லம்மா." ஓடெசா தன் பெயர் எழுதிய நாற்காலியை இழுத்து நடுவில் போட்டு உட்கார்ந்தாள். "டாக்டரே, நீங்க எனக்குப் பின்னாடி நில்லுங்க. ஓக்லி பேர் எழுதின அட்டையை உசத்திப் புடிங்க. பல் டாக்டர்தானே, பல்லைக் காட்டுங்க. வெர்லின், வாயைத் தொடை. மத்தவங்க கைதட்டுங்க, சந்தோஷமா, நிறுத்தாம."

படம் வந்தவுடன் எர்லீனுக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது.

"முன்னாடி இருக்கிறது நீதான்னு தெரியுது அக்கா. பின்னாடி யாருடி இவங்கல்லாம்?"

ஓடெசா ரெடிக் கோஷ்டித் தட்டிலிருந்து ஒரு ஸ்காட்சரூவை எடுத்துக் கடித்தாள். ஒரே விரலால் தட்டச்சு செய்தாள்.

"வால்பேப்பர்."