விரிப்பின் மறுமுனை

அவள் அந்தச் சலவைக்கூடத்துக்கு வேலைக்கு வந்து பல வருஷமாகிவிட்டது. ஆனாலும் அவள் பெயர் புதுசு. அவளுக்குப் பின்னால் வந்து, அலுத்துப்போய் நின்றுவிட்டவர்கள்கூட அவளைப் புதுசு என்றுதான் கூப்பிட்டார்கள். வேறு நாட்டிலிருந்து வந்தவள். இங்கே பிறந்த மகள் ஒருத்தி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு அம்மாவின் நாடு என்பது அம்மா கோபத்தில் திட்டும் சில வார்த்தைகள், அவ்வளவுதான்.

கூடம் ஆஸ்பத்திரிக்குப் பின்புறம், பிணவறையை ஒட்டி இருந்தது. ரத்தமும் மூத்திரமும் மருந்தும் படிந்த விரிப்புகள் ஒரு கதவு வழியாக வரும். வெள்ளையாக, சூடாக, மடிக்கப்பட்டு இன்னொரு கதவு வழியாக வார்டுகளுக்குப் போகும். நடுவில் ரோலர் என்கிற நீளமான இஸ்திரி உருளை. முன்னால் இரண்டு பேர் ஈர விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். பின்னால் இரண்டு பேர் அதை வாங்கி, உதறி, எதிரெதிராக நடந்துவந்து மடிக்க வேண்டும்.

முன்னால் நிற்பவர்கள் கண்ணாடியும் நாத்தனாரும். கண்ணாடி போட்டிருந்ததால் அவள் கண்ணாடி. மற்றவள் கண்ணாடியின் புருஷனுக்குத் தங்கை. அதனால் கூடத்தில் எல்லோருக்கும் நாத்தனார். பின்னால் புதுசும் பெரியக்காவும்.

ஒரே ஆளுடன் வருஷக்கணக்கில் விரிப்பு மடித்தால், அந்த ஆள் இருமுவதற்கு முன்பே துணி சொல்லிவிடும். பெரியக்காவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது புதுசுக்குத்தான் முதலில் தெரிந்தது. துணி அந்தப் பக்கத்திலிருந்து சின்னச் சின்ன அலையாக வந்தது. புதுசு தன் முனையை இழுத்துப் பிடித்தாள். இறுகிய துணியில் நடுக்கம் தெரியாது. அன்றிலிருந்து எல்லா விரிப்பையும் அப்படியே பிடித்தாள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தால் இன்னும் கொஞ்சம் இழுப்பாள். ரோலர் பக்கத்தில் நடுங்கும் கைக்கு வேலை கிடையாது என்று இருவருக்கும் தெரியும்.

இதைப்பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை. ஒரே ஒரு தடவை பெரியக்கா, "ரொம்ப இழுக்கறியேடி," என்றாள்.

"சுருக்கம் போகணும்ல அக்கா," என்றாள் புதுசு.

அதோடு விஷயம் முடிந்தது.

பிறகு தேர்தல் வந்தது. தாங்கள் ஜெயித்தால் வெளியிலிருந்து வந்தவர்கள் இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க மாட்டோம், எல்லோரையும் திருப்பி அனுப்புவோம் என்றது ஒரு கட்சி. கூடத்தில் அதற்கு அனுப்புற கட்சி என்று பேர் விழுந்துவிட்டது. மற்றது பழைய கட்சி. அது யாருக்கும் எதையும் செய்யாது, அனுப்பவும் செய்யாது. புதுசுக்கு அது போதும். ஆனால் அவளுக்கு ஓட்டுக் கிடையாது. ஓட்டு இருந்தவர்களோ போட்டதே கிடையாது. தேர்தல் நாளிலும் நோயாளிகள் படுக்கையை நனைப்பார்கள், ரோலர் ஓடியாக வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். லீவு விட்டிருந்தால் தூங்கியிருப்பார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் புதுசு பேச்சை எடுத்தாள்.

"அவங்க வந்தா நான் போகணும் அக்கா."

"வாயால சொல்லுவானுங்க. எவன் செஞ்சிருக்கான்?" என்றாள் கண்ணாடி.

"இவங்க செய்வாங்க."

"சரி, இப்ப எங்களை என்ன பண்ணச் சொல்ற?"

"மூணு பேரும் போய் ஓட்டுப் போடணும். வீட்டுல உள்ளவங்க, தெருவுல உள்ளவங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போகணும்."

நாத்தனார் சிரித்தாள். "எங்கண்ணனையா? அது கட்டில்லேர்ந்து எழுந்து குளிக்கப் போறதே பெரிய விஷயம்."

"உங்கம்மா வளர்த்த லட்சணம்," என்றாள் கண்ணாடி.

"நீ வந்துதான் கெடுத்துட்ட."

பெரியக்கா மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து புதுசின் தோளில் ஈரக்கையை வைத்தாள். "நீ இல்லாம நான் யார்கூட மடிக்கிறது? போடறேன்டி. என் பொண்ணு மேல சத்தியமா பழைய கட்சிக்குத்தான் போடறேன். தெருவையே இழுத்துட்டுப் போறேன், போதுமா?"

அவள் அப்போது பொய் சொல்லவில்லை.

வாசல்படியில் பாய்லர் மாமா உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். ரோலருக்கு ஆவி கொடுக்கும் பாய்லர் அவர் பொறுப்பு. "என்னைக் கணக்குல சேர்த்துக்காதீங்க. எவன் ஆண்டாலும் அந்த மூதேவிக்கு நான்தான் தண்ணி காட்டணும்," என்றார்.

புதுசு சூப்பர்வைசரிடம் போய், மூவரும் ஓட்டுப் போடப் போக அனுமதி கேட்டாள்.

"எல்லாரும் போயிட்டா ரோலரை யாரு ஓட்டுவா? வேட்பாளரா?"

"நானும் பாய்லர் மாமாவும் ஓட்டிருவோம் சார்."

"ரெண்டு பேரா? கதை விடாத."

"பார்த்துக்கறேன் சார்."

"முன்னாடியே ஒரு நாள் ஓட்டிக் காட்டு. மத்தியானத்துக்குள்ள வார்டுக்குத் துணி போயிருச்சுன்னா எல்லாரையும் விடறேன்."

அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். ஒரு மூங்கில் கழியில் வரிசையாகத் துணிக் கிளிப்புகளைக் கட்டினாள். விரிப்பின் முன் ஓரத்தை மேஜையில் வைத்தே கழியில் மாட்டிவிட்டால், இரண்டு ஆள் பிடிக்க வேண்டியதை ஒரு ஆள் உருளையின் வாயில் கொடுத்துவிடலாம். பின்னால் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு குழாயை வைத்தாள். உருளையிலிருந்து வரும் துணி அந்தக் குழாய்மேல் விழுந்து, பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகத் தானே மடங்கியது. முன்னால் பாய்லர் மாமா, பின்னால் அவள்.

மற்ற மூவரும் சுவர் ஓரம் பெஞ்சில் டீயுடன் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஆரம்பத்தில் நல்ல குஷி. "மாமா, அடுத்த பிறவியில பொம்பளையாப் பொறந்துருவீங்க," என்றாள் நாத்தனார். பாய்லர் மாமா இடுப்பை ஆட்டிக் காட்டினார். விரிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கி விழுந்தன. டீ தீர்ந்தது. பேச்சும் குறைந்தது. வேலை செய்யாமல் உட்கார்ந்து தங்கள் வேலை நடப்பதைப் பார்ப்பது அவர்களுக்குப் பழக்கமில்லை.

மத்தியானத்துக்கு முன்பே வண்டி வார்டுக்குக் கிளம்பிவிட்டது. சூப்பர்வைசர் வந்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு பெஞ்சைப் பார்த்தார்.

"அடப்பாவமே. இத்தனை நாளா நாலு பேருக்கு எதுக்குச் சம்பளம் குடுத்துட்டிருந்தேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பெரியக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

சூப்பர்வைசர் புதுசைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "தினமும் இப்படி ஓடுமா?"

"ஓடாது சார். இன்னைக்கு வந்தது குழந்தைங்க வார்டுத் துணி. சின்னது. பெரிய பெட்ஷீட்னா நாலு பேர் இல்லாம முடியாது."

பொய். பெரிய விரிப்புகளும்தான் ஓடின. அவற்றை அவள் வண்டியில் அடியில் அடுக்கியிருந்தாள். அவருக்குத் துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நம்பினார். தேர்தல் நாளுக்கு அனுமதியும் கொடுத்தார். அவள் சிரித்த முகமாக வெளியே வந்தாள். உள்ளே என்ன கேட்டார், தான் என்ன சொன்னாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்காட்டுகிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டாள். அவள் செய்த தப்பு அதுதான்.

மூவரும் சேர்ந்து வீட்டுக்கு நடக்கும்போது கண்ணாடிதான் ஆரம்பித்தாள்.

"கதவைச் சாத்திட்டு அவ்வளவு நேரம் என்ன பேச்சு?"

"சிரிச்சுட்டு வந்தாளே, பார்த்தல்ல," என்றாள் நாத்தனார்.

"நமக்காகத்தானேடி செஞ்சா," என்றாள் பெரியக்கா.

"நமக்காகத்தான். வேலையும் போகட்டும், அதுவும் நமக்காகத்தான். ரெண்டு பேர் போதும்னு அந்த ஆளு மண்டையில ஏறிருச்சு. அவ இருக்கிற வரைக்கும் இறங்காது. மெஷின் ஓட்டத் தெரிஞ்சவளை நிறுத்துவானா? நம்மள்ல யாரையாவது நிறுத்துவான்," என்றாள் கண்ணாடி.

"யாரை நிறுத்துவான்?" என்றாள் பெரியக்கா.

இருவரும் பெரியக்காவின் கைகளைப் பார்க்காமல் நடந்தார்கள். அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் நடந்ததில், அவர்களுக்கும் தெரியும் என்று பெரியக்காவுக்குத் தெரிந்துபோயிற்று.

தெருமுனைக்கு வந்தபோது பெரியக்காவே கேட்டாள். "அந்தக் கட்சி வந்தா, அவளை மட்டும்தான் அனுப்புவானா, பொண்ணையும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."

"அப்ப பரவாயில்ல. புள்ளைய பிரிச்சா பாவம்."

தேர்தலன்று மூவரும் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனார்கள். புதுசு வாசல்வரை வந்து வழியனுப்பினாள். உள்ளே கழியும் கிளிப்பும் குழாயுமாக அவளும் பாய்லர் மாமாவும் ரோலரை ஓட்டினார்கள். முதுகில் வியர்வை வழிந்தது. கழிப்பறைக்குப் போகக்கூட அவள் மெஷினை விட்டு நகரவில்லை.

அவர்கள் விரலில் மையோடு திரும்பி வந்தார்கள்.

"கூட்டம்னா கூட்டம். எங்க தெருவே அங்கதான் நின்னுச்சு," என்றாள் கண்ணாடி.

"எங்கண்ணன்கூட வந்துச்சு. குளிச்சிட்டு," என்றாள் நாத்தனார். "மை வைக்கிறவன் பெரியக்கா கையைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. என்ன ஆசையோ."

பெரியக்காவின் விரலில் மை கோடாக இல்லாமல் முட்டிவரை இழுபட்டிருந்தது. எதற்காகப் பிடித்திருப்பான் என்று புதுசுக்குப் புரிந்தது. "ரொம்ப நன்றி அக்கா," என்றாள். விரிப்பை எடுத்து இழுத்துப் பிடித்தாள்.

முடிவு வந்த அன்று பாய்லர் மாமா காதில் ரேடியோவுடன் சாப்பாட்டு அறைக்குள் வந்தார்.

"அனுப்புற கட்சிதான். நம்ம தொகுதியில மயிரிழையில தப்பிச்சிருக்கானுங்க. நம்ம தெருப் பூத்துதான் தூக்கி விட்டுச்சாம். எப்பவும் அங்க ஈ ஓட்டிட்டு உக்காந்திருப்பானுங்க. இந்தத் தடவை வாசல் தாண்டி வரிசையாம்."

சொல்லிவிட்டு அந்த மூவரையும் ஒருமுறை பார்த்தார். ரேடியோவை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

புதுசு சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். "மூணு பேருமா?"

"மூணு பேரும்தான்," என்றாள் கண்ணாடி. "என் வீட்டுக்காரரும். எழுப்பிக் கூட்டிட்டுப் போனேன். நீதானே சொன்ன."

புதுசு பெரியக்காவைத்தான் பார்த்தாள். "ஏன்க்கா?"

"நீ ஏன்டி ஓட்டிக் காட்டின?" பெரியக்காவின் குரலில் கோபம் இல்லை. "எங்களைப் பெஞ்சுல உக்கார வெச்சுட்டு, ரெண்டு பேர் போதும்னு அந்த ஆளு கண்ணுக்கு முன்னாடியே காட்டினியே. அவன் ஆளைக் குறைச்சா முதல்ல போறது யாரு? என் கை உனக்குத் தெரியாதா? வீட்டுல என் பொண்ணும் அவ புள்ளையும் இந்தக் கையைப் பார்த்துத்தான் உக்காந்திருக்காங்க. நீ போயிட்டா நாலுல ஒண்ணு குறைஞ்சிரும். அதுக்கு மேல குறைக்க மாட்டான்."

"அதுக்காகவா?"

"உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நீ கெட்டிக்காரி. எங்க போனாலும் பொழைச்சுக்குவ."

கதவைச் சாத்திய அறைக்குள் தான் சொன்ன பொய்யை அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். பிறகு டப்பாவை மூடினாள்.

"புரியுது அக்கா," என்றாள்.

மற்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. நாத்தனார் தன் டப்பாவிலிருந்து பாதியை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள். அன்றைக்கு எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

புதிய ஆட்சி சொன்னதைச் செய்தது. அனுமதி அலுவலகத்தில், இந்த மாதக் கடைசிக்குள் கிளம்ப வேண்டும் என்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒருவர் தலையைத் தூக்காமல் சொன்னார். வீட்டில் மகள் கேட்டாள்: "அங்க எனக்கு யாரைம்மா தெரியும்?"

"யாரையும் தெரியாது," என்றாள் புதுசு.

மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "போறதுக்கு முன்னாடி ஒரு உதவி. உன் இடத்துக்கு ஒரு ஆளைப் பழக்கி விட்டுட்டுப் போ."

"ஆள் வேணாம் சார். ரெண்டு பேர் போதும்."

"பெரிய பெட்ஷீட் ஓடாதுன்னியே?"

"அது பொய் சார். அன்னைக்குப் பெரிய பெட்ஷீட்டும்தான் ஓட்டினேன்."

"எதுக்குப் பொய் சொன்ன?"

"அப்ப வேற மாதிரி நினைச்சேன்."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "அப்ப மூணுல ஒண்ணு அதிகம். யாரை நிறுத்தறது? கூட வேலை பார்த்தவ, நீயே சொல்லு."

"நான் என்ன சார் சொல்றது? நீங்களே வந்து பாருங்க."

தான் போன பிறகு மெஷினை ஓட்டப் போகிறவர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று, கண்ணாடிக்கும் நாத்தனாருக்கும் கழியையும் கிளிப்பையும் பொறுமையாகக் காட்டிக் கொடுத்தாள். எங்கே பிடித்தால் விரல் சுடாது என்பதுவரை சொன்னாள். அவர்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள்.

சூப்பர்வைசர் வந்து ரோலருக்குப் பின்பக்கம் நின்றார். ஆபரேஷன் மேஜைக்கு விரிக்கும் துணி வெளியே வந்தது. கூடத்திலேயே பெரியது அதுதான். இந்தப் பக்க முனைகளைப் புதுசு எடுத்தாள், அந்தப் பக்க முனைகளைப் பெரியக்கா எடுத்தாள்.

"இவ போனா கஷ்டம்தான் சார்," என்றாள் பெரியக்கா. "இவளை மாதிரி புடிச்சு மடிக்க ஆள் கிடைக்காது."

புதுசு அவளைப் பார்த்துச் சிரித்தாள். இருவரும் சேர்ந்து ஒருமுறை உதறினார்கள். துணி காற்றில் எழும்பி இறங்கியது. புதுசு வழக்கம்போல் பின்னால் சாய்ந்து இழுக்கவில்லை. மணிக்கட்டைத் தளர்த்தி, அரை அடி முன்னால் வந்து நின்றாள்.

துணி நடுவில் தொய்ந்தது. மறுமுனையிலிருந்து ஒரு சின்ன அலை கிளம்பியது. அதன் பின்னாலேயே இன்னொன்று. நிற்காமல் வந்துகொண்டே இருந்தன.

"இழுத்துப் புடிடி," என்றாள் பெரியக்கா, உதடு அசையாமல்.

புதுசு அப்படியே நின்றாள்.

சூப்பர்வைசர் முதலில் துணியின் நடுவைப் பார்த்தார். பிறகு அலை எங்கிருந்து வருகிறது என்று அதன் வழியே கண்ணைக் கொண்டுபோனார்.