பட்டையைப் பிடித்து நடந்த மூன்று மாதம்

எதிர்வீட்டு சர்வேயரின் நடையைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. என் சமையலறை ஜன்னல் அவர் வாசலைப் பார்த்து இருக்கிறது. அது வீட்டைக் கட்டியவன் குற்றம்.

நிலம் அளந்தே காலம் தள்ளியவர். காலை வீசி வைத்தால் தெரு சுருங்கிவிடும். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அவள் எப்போதும் நான்கு வீடு பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வருவாள். இருவரும் சேர்ந்து கடைக்குப் போனார்கள் என்றால் பொய்; ஒரே கடைக்குப் போனார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கால் தரையைத் தேய்த்தது. நூலகத்துக்குப் பின்னால் ஒரு ஹாலில் வாரம் இரண்டு நாள் நடக்கும் பிசியோ வகுப்புக்கு அனுப்பினார்கள். அதே வாரம் நானும் சேர்ந்தேன். என் முட்டிவலி உண்மையானது. தெருவில்தான் யாரும் நம்பவில்லை.

மொத்தம் எட்டுப் பேர். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும், தரையில் ஒட்டிய டேப்பைத் தாண்ட வேண்டும். "மூச்சை அடக்காதீங்க, சத்தமா எண்ணுங்க" என்பாள் பிசியோ பெண். நாங்கள் எண்ணினால் ஏழுக்குப் பிறகு நேராகப் பத்துதான் வரும்.

சர்வேயருக்கு மட்டும் இடுப்பில் அகலமான துணிப்பட்டை, முதுகுப் பக்கம் கைப்பிடி. அவர் நடக்கும்போது அக்கா அதைப் பிடித்துக்கொண்டே கூட நடக்க வேண்டும்.

"இழுக்காதீங்கம்மா, தள்ளாதீங்க. சும்மா பிடிச்சிருங்க. விழப் போனா மட்டும் இறுக்குங்க."

தினமும் சாயந்தரம் தெருவிலும் நடக்கச் சொன்னாள் பிசியோ பெண். எத்தனை தடவை தடுமாறினார் என்று எழுத அக்காவிடம் ஒரு நோட்டும் கொடுத்தாள். தடுமாற்றம் நின்றால் பட்டையைக் கழற்றிவிடலாம்.

முதல் நாளே நான் வாசலில் நின்று கேட்டேன். "என்னக்கா, ஒருவழியா கடிவாளம் கைக்கு வந்துடுச்சா?"

"வந்து என்ன? வண்டி மெதுவாத்தானே போகுது!"

"எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு" என்றார் சர்வேயர்.

மெதுவாக நடக்க வேண்டியிருந்ததால் மனிதருக்குப் பேச வேண்டியதாகிவிட்டது. எங்கோ இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு கிணற்றுக்காக வேலிக்கல்லைப் பிடுங்கிப் பிடுங்கி நட்ட கதையை வாரக்கணக்காகச் சொன்னார். என் வாசலைத் தாண்டும்வரை எனக்கும் கேட்கும்.

"இதையெல்லாம் இத்தனை வருஷமா எங்க வெச்சிருந்தீங்க?" என்றாள் அக்கா.

"நீதான் எப்பவும் பின்னாடியே வந்தியே!"

அக்கா சிரித்த சிரிப்பு மூன்று வீட்டுக்குக் கேட்டது.

மூன்றாவது மாதம் என் வாய் சும்மா இருக்கவில்லை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "சார் நேத்து காலையில வாசல் கேட் வரைக்கும் தனியா வந்து பேப்பர் எடுத்துட்டுப் போனாரும்மா. என்ன வீச்சு! பழைய நடையேதான்." பாராட்டாகத்தான் சொன்னேன்.

பிசியோ பெண் நோட்டைப் புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் மூன்று. "அப்ப இந்த மூணு தடுமாற்றம்?"

"சின்னச் சின்னதா..." என்று இழுத்த அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத வராது.

பட்டையைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னாள் பிசியோ பெண். சர்வேயர் ஹாலின் கடைசிவரை போனார், திரும்பினார், டேப்பைத் தாண்டி வந்தார். ஒரு இடத்திலும் கால் தேயவில்லை. நாங்கள் கை தட்டினோம். "இனிமே இது வேண்டாம் சார்!" அவர் முகம் பூரித்துப்போனது. அக்காவும் சிரித்தாள். ஆனால் பட்டையை இறுக்கமாகச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டவள், பிசியோ பெண் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் கொடுத்தாள்.

வீடு திரும்பும்போது அவர் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். என் முட்டியின் புண்ணியத்தில் நான் அக்காவோடு நடந்தேன்.

"சந்தோஷம்தானேக்கா?"

"இல்லாம? அவர் விழணும்னா நினைப்பேன்?"

பத்தடி போனோம். கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. "அப்புறம் ஏன்க்கா மூணு?"

"ஒண்ணுன்னு போட்டா அடுத்த வாரமே கழட்டிடுவாங்க. பத்துன்னு போட்டா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க. மூணுதான் பாந்தமா இருந்துச்சு." வெறும் கையை விரித்துப் பார்த்து, புடவையில் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கிணறு கடைசில யாருக்குப் போச்சுன்னு இன்னும் சொல்லல."

"வீட்ல கேளுங்க."

"வீட்ல டிவி பேசும்."

"கூப்பிட்டு நிறுத்துங்களேன்."

"கூப்பிட்டா நிப்பார். கூப்பிட்டு நிறுத்துறதுல என்ன இருக்கு?"

தெருமுனையில் அவர் வேகம் குறைந்தது. ஒரு கை மெல்ல முதுகுப் பக்கம் போய், இடுப்பைத் தடவி, அங்கேயே நின்றது. பிறகு திரும்பினார்.

"என்ன, அங்கேயே நின்னுட்ட?"

"செருப்பு வார் அறுந்துடுச்சு. நீங்க போங்க!" என்று சத்தம் போட்டுச் சொல்லி அக்கா குனிந்தாள்.

வார் அறுந்திருக்கவில்லை. அவர் போகவில்லை, வரவும் இல்லை. நடுத்தெருவில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா நிமிராமல் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. பாத்துச் சொல்லு, வர்றாரா?"