தலைகீழ் சுவிட்ச்

ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர் அவர். மகள் தானே தேடிக்கொண்ட கணவனை, டிக்கெட் இல்லாமல் வண்டியேறியவனாகவே பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "அவர்கிட்ட நீங்க பேசுற வரைக்கும் நான் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று மகளும் இருந்துவிட்டாள். அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள். அவள் இல்லாத வீடு அவருக்கு வெறிச்சென்றிருந்தது. ஆனால் வாய் திறந்தால்தானே?

துருப்பிடித்து ஒழுகிய பழைய கீஸரைக் கழற்ற மாமியார் கூப்பிட்டதால் அன்று மருமகன் மட்டும் வந்திருந்தான். மருந்துக்கடைக்காரன், ஆனாலும் கைவேலை தெரிந்தவன்.

"மெயினை அணைச்சிடலாமா அத்தை?" குளியலறையிலிருந்து கேட்டான்.

கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் மனைவியிடம் திரும்பினார். "மெயின் எதுக்காம்? கீஸர் சுவிட்சை அணைச்சாப் போதும்னு சொல்லு. நான் செய்தி பாக்கணும்."

"நடுவுல நான் ஒருத்தி தபால்காரி" என்று முணுமுணுத்தபடி போய்ச் சொன்னாள் மனைவி. பிறகு தண்ணீரை நிறுத்த மொட்டை மாடிக்கு ஏறினாள்.

செய்தி வாசிப்பவர் மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்குச் சுரீரென்று உறைத்தது. அந்த சுவிட்சை மாட்டியவர் அவர்தான். தலைகீழாக மாட்டிவிட்டு, தப்பை ஒத்துக்கொள்ள மனமில்லாமல் அப்படியே விட்டிருந்தார். ஊரெல்லாம் எது அணைப்போ, இந்த வீட்டில் அதுதான் போடுவது. வீட்டு மனிதர்களுக்குக் கை பழகிவிட்டது. சுவிட்சிலிருந்த சிவப்பு விளக்கும் எப்போதோ செத்துப்போயிருந்தது.

மனைவியைக் கூப்பிட வாயெடுத்தார். அவள் மாடியில்.

விழுந்தடித்து ஓடினார். மருமகன் ஸ்டூலில் ஏறி, கீஸரின் மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒயரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை, கையை எடுங்க!"

கை அந்தரத்தில் நின்றது. அவருக்கு மூச்சு வாங்கியது.

"கரண்ட் இருக்கு. சுவிட்ச் தலைகீழு. நான்தான் அப்படி மாட்டி வச்சேன்... டெஸ்டர் வச்சுப் பாக்கக் கூடாதா?"

"நீங்க சொன்னதா அத்தை சொன்னாங்க. அப்புறம் டெஸ்டர் எதுக்குன்னு விட்டுட்டேன் மாமா."

அவர் நேரே போய் மெயினை அணைத்தார். டிவி செத்தது. திரும்பி வந்து டெஸ்டரைத் தானே வாங்கி, ஒவ்வொரு ஒயரிலும் இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. அதன் பிறகுதான் அவனைத் தொட விட்டார்.

அடிக் குழாயைக் கழற்றியதும் துரு நிறத் தண்ணீர் வாளி வாளியாக இறங்கியது. கடைசிச் சொட்டு வடிந்த பிறகு மருமகன் திருகாணிகளைத் தளர்த்தினான். காலியாகியும் கீஸர் கல்லாய்க் கனத்தது. அவர் அடியைத் தாங்கிக்கொண்டார். இருவரும் சேர்ந்து தூக்க, அது சுவரை விட்டு விலகியது.

"அவளை எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?" என்றார்.

"முதல்ல இதைக் கீழ வைப்போம் மாமா. கால்ல போட்டுக்கிட்டீங்கன்னா ஆஸ்பத்திரிக்குத்தான் வருவா."

"அப்படியாவது வரட்டுமே" என்றார் அவர், பிடியை விடாமல்.