குழிக்குள் வெந்த உருளைக்கிழங்கு

சேனாபதி ஆபீசில் எதைக் கேட்டாலும் "நோ பிராப்ளம்" என்பார். அதனாலேயே மேனேஜர்களுக்கு அவரைப் பிடிக்கும். அந்தப் பழக்கம் ஜோர்டான் பாலைவனம் வரை கூடவே வந்து அவரைக் கவிழ்த்தது.

மகள் ரோஷினிக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. டெஸ்ட் ரிசல்ட் வரும்வரை அமெரிக்காவில் அவர்களுடைய சான்டா கிளாரா வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மனைவி வசந்தாமணி தன் வேண்டுதலைச் சொன்னாள். மார்கழி முழுக்கக் கறி தொடாமல் விரதம், முடிவில் பழனியில் மொட்டை. ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு இல்லாமல் விடியாத வீடு அது. சேனாபதியும் கூடவே விரதம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்.

பழனிக்காகக் கோயம்புத்தூர் போகும் வழியில் ஜோர்டானின் அம்மானில் இறங்கி, பாலைவனத்தில் பெதூயின் நாடோடிகளின் கூடாரத்தில் ஓர் இரவு தங்க வேண்டும் என்பது ரோஷினியின் ஆசை. கட்டிக்குப் பிறகு அவள் கேட்டு இவர்கள் எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை.

கூடாரத்துக்காரன் ஸாலிம் பழைய ஜீப்பில் வந்து அழைத்துப்போனான். மணல்மேட்டில் ஏறி இறங்கிய ஒவ்வொரு முறையும் ரோஷினி சிரித்த சிரிப்பில் வசந்தாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஜீப்பை விட்டு இறங்கியதும் அவள் முதலில் பேசியது விரதத்தைப் பற்றித்தான். ஸாலிம் நெஞ்சில் கை வைத்துக் கேட்டுக்கொண்டான். தன் அம்மாவும் நோன்பு பிடிக்கிறவள், வேண்டுதல் என்றால் என்னவென்று எங்களுக்கும் தெரியும் என்றான். ஏலக்காய் போட்ட காப்பி வந்தது. போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டுமாம். அது தெரியாத சேனாபதிக்கு அவன் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

பொழுது சாய்ந்ததும், மேலே மணல் மூடி வேகவைக்கும் சமையல் குழியைத் திறக்க ஸாலிம் போனான். சேனாபதியும் போய் மண்வெட்டி பிடித்தார். உள்ளே தணலின் மேல் அடுக்குத் தட்டுகள் இருந்தன. மூடியைத் தூக்கியதும் எழுந்த வாசனையில் அவருக்கு வயிறு கூப்பாடு போட்டது. ஸாலிமின் முகம் மட்டும் மாறிவிட்டது. காய்கறியைத் தனியாக வைக்கச் சொல்லியிருந்தானாம். தம்பி மறந்துபோய் மேல் தட்டில் கோழி, கீழ்த் தட்டில் காய் என்று வைத்துவிட்டான். கோழியின் கொழுப்பு மொத்தமும் உருளைக்கிழங்கில் இறங்கியிருந்தது. கொஞ்சம் பொறுங்கள், அம்மா வேறு பாத்திரத்தில் பருப்பு வைத்துத் தருவாள் என்றான்.

குளிரும் பசியும் சேர்ந்துகொண்டன. கொழுப்பு என்ன கறியா, அவளுக்குத் தெரியவா போகிறது என்று சேனாபதி நினைத்தார்.

"நோ பிராப்ளம்," என்றார்.

ஸாலிம் மறுபடியும் கேட்டான். அவர் மறுபடியும் அதையே சொல்லிவிட்டு, ஒரு கோழிக்காலைக் குழிக்கரையில் நின்றபடியே தின்று முடித்தார்.

வசந்தாமணி உருளைக்கிழங்கை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஸாலிமின் அம்மாவைக் கும்பிட்டாள். பழனியில் மனம் நிறைந்து மொட்டை போட்டுக்கொண்டாள்.

அமெரிக்கா திரும்பிய பிறகு ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரோஷினி போனில் ஒரு வீடியோ காட்டினாள். அதே மாதிரிக் குழி. மேலே இருக்கும் கோழியின் கொழுப்பு சொட்டுவதால்தான் கீழே காய்கறிக்கு அந்த ருசி என்று இங்கிலீஷில் விளக்கினாள். வசந்தாமணியின் கை தட்டிலேயே நின்றது.

"அப்போ நான் சாப்ட்டது?"

சேனாபதி ரசச் சோற்றைப் பிசைந்தார். "தெரியலயே," என்றார்.

அவள் அழுதாள். பிறகு போனை எடுத்தாள். விரதம் என்று சொல்லியும் ஏமாற்றினார்கள் என்று எழுதி, ஸாலிமின் கூடாரத்துக்கு ஒற்றை ஸ்டார் போட்டாள். ஸ்பிரிங் பிரேக் லீவில் அங்கே போகவிருந்த, பக்கத்து ஊர் ஃப்ரீமான்டில் இருக்கும் பர்வதம் ஆன்ட்டி அதைப் படித்துவிட்டு, தன் புக்கிங்கை கேன்சல் செய்ததோடு தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார். வசந்தாமணி மறுபடியும் விரதம் தொடங்கினாள். மறுபடியும் முடி கொடுக்க வேண்டும் என்றாள். அப்போதுதான் அரும்பத் தொடங்கியிருந்த அந்தத் தலையை சேனாபதியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இன்று சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தார். தினமும் ஆபீஸ் மீட்டிங் ஒன்று வந்து காப்பாற்றியது.

ஒரு சனிக்கிழமை காலை ஸாலிமின் பதில் வந்தது. வசந்தாமணி சத்தமாகப் படித்தாள். சகோதரி, தவறு முழுவதும் என்னுடையது. உங்கள் வேண்டுதலைக் கெடுத்ததற்கு என் அம்மா அழுகிறாள். மறுபடி வாருங்கள், புதுப் பாத்திரம் வாங்கி வைத்திருக்கிறோம். குளிரில் எனக்காக மண் தோண்டிக் குழியைத் திறந்து கொடுத்த சகோதரர் சேனாபதிக்கு என் சலாம்.

விருந்தாளியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பழியை வாங்கிக்கொண்டவன், மரியாதைக்காகச் சேர்த்த கடைசி வரி அது. வசந்தாமணி அதை இன்னொரு முறை மனதுக்குள் படித்தாள்.

"குழிய நீங்களா தொறந்தீங்க?"

"ஆமா."

"அவர் உங்ககிட்ட சொன்னாரா?"

"சொன்னார். வேற செஞ்சு தரேன்னும் சொன்னார். நான்தான் பரவால்லன்னுட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் தலையை ஒருமுறை தடவிக்கொண்டாள்.

"எனக்குப் பண்ணினத முருகன் பாத்துக்குவாரு. அந்த மனுஷனை நான் ஊரெல்லாம் திட்டும்போது பாத்துட்டு சும்மா இருந்தீங்களே, அத யார் பாத்துக்குவா?"

அவள் ரிவ்யூவைத் திருத்துவதற்காகத் திறந்து, பழைய வரிகளை அழித்துவிட்டு, போனை அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்களே எழுதுங்க. அப்புறம் பர்வதம் ஆன்ட்டிக்கும் நீங்களே போன் பண்ணுங்க."

திரையில் மேலே வசந்தாமணியின் பெயரும், பழனியில் எடுத்த மொட்டைத்தலைப் படமும் இருந்தன. அதற்குக் கீழே சேனாபதி எழுத ஆரம்பித்தார். அவள் பெயரில் எழுதுவதால், 'என் கணவர்' என்றுதான் தொடங்க வேண்டியிருந்தது.