பொன்னுரங்கம் கரைக்கு நடந்து வந்தது

மாசிக் கடைசியில் பட்டினப்பாக்கத்துக் கடல் உறைந்துபோனது. பொன்னுரங்கத்தின் ஃபைபர் படகு, கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், நட்டுவைத்த மாதிரி நின்றுவிட்டது. உறைந்தது தண்ணீர் அல்ல, சொறி. ஜெல்லி மீனைக் குப்பத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பட்டால் உடம்பெல்லாம் எரியும். இதில் பொன்னுரங்கத்தின் கைவரிசையும் உண்டு. வலையில் மீனுக்குப் பதில் சொறியே ஏறிவந்த ஆத்திரத்தில், எல்லோரையும் போல அவனும் அதைக் கண்டதுண்டமாக வெட்டிக் கடலிலேயே வீசியிருந்தான். ஒவ்வொரு துண்டும் மறுநாள் முழுச் சொறியானது. அவை மீன் முட்டையையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. பெரிய மீன்கள் பசி தாங்காமல் வேறு கடல் பார்த்துப் போயின. மயிலாப்பூரில் வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுப் பலர் சைவமானார்கள்.

மீட்கப் போன படகுகள் இன்ஜின் அடைத்துத் திரும்பின. கல்யாண வீடியோ எடுக்கும் சாய்நாத்தின் டிரோன் மட்டும் தினமும் சோற்றுப் பொட்டலத்தை இறக்கிவிட்டு வந்தது. பொன்னுரங்கத்தின் மனைவி தேவானை, மீன் விற்பவள், கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலையில் அவனைத் திட்டினாள். மாலையில் குழம்பில் உப்பு போதுமா என்று கத்திக் கேட்டாள். வெயிலில் அவன் குரல் மெலிந்துகொண்டே வந்தது. ஒரு மாலை பதிலே வரவில்லை.

சொறியைத் தின்பது, பங்குனியில் முட்டையிடக் கரைக்கு வரும் பங்குனி ஆமை. அந்த வருஷம் அதை உயிரோடு காணோம். உறையாத பக்கங்களில் குப்பத்தார் விரித்திருந்த வலைகளில் சிக்கி, மூச்சுமுட்டிச் செத்துச் செத்து ஒதுங்கிக்கொண்டிருந்தது. தேவானை ஊர்க் கூட்டத்துக்குப் போய், எல்லா வலையையும் எடுக்கச் சொன்னாள். மிச்சமிருப்பது அந்த நாலு மீன்தான், பிள்ளைகளுக்கு என்ன போடுவது என்றார்கள். நியாயம்தான்.

"வலைய எடுக்கலன்னா நானே அந்த சொறில எறங்கி நடந்துகினு போறேன். அப்பால ரெண்டு பேருக்கும் சேத்து அழுவுங்க" என்றாள்.

அவள் சொன்னால் செய்கிறவள். வலைகளை எடுத்தார்கள்.

பங்குனி பிறந்ததும் ஆமைகள் வந்தன. வெளிக்கடலிலிருந்து சொறியை மென்றுகொண்டே வந்து, படகைச் சுற்றி, கரைவரை சட்டிகளைக் கவிழ்த்தது போல் அடைத்துக்கொண்டன. படகில் சுருண்டு கிடந்த பொன்னுரங்கம் எழுந்து, அவற்றின் முதுகில் கால் வைத்து நடந்து வந்தான். மிதித்த ஒவ்வொரு முதுகையும் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதால் நேரமாகிவிட்டது.

"யோவ், ஆமையே உன்னவிட வேகமா வருது. நடய்யா" என்று தேவானை கரையிலிருந்து கத்தினாள்.

அவன் கால் மணலில் பட்ட பிறகுதான் தேவானைக்கு மூச்சே வந்தது. சட்டையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஆமைகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு மேலேறி, குழி தோண்டி முட்டையிடப் போயின.

இப்போது பங்குனியில் குப்பத்தில் வலை விரிப்பதில்லை. அந்த மாதம் முழுக்கத் தேவானை கருவாடு விற்கிறாள். ஏனென்று கேட்பவர்களிடம், வீட்டுக்காரர் ஆமைமேல் நடந்து வந்ததைச் சொல்கிறாள். அவர்களும் சரியென்று தலையாட்டிவிட்டு, கால் கிலோ நெத்திலி போடச் சொல்கிறார்கள்.